ஓய்வு பெறும் விவசாயியின் நிலம் யாருக்கு? – பிரான்ஸின் கதை

"உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது" என்பது நம் ஊர்ப் பழமொழி. காமர்ஸ் படிக்கும் எனக்கு இதைக் கேட்கும்போதெல்லாம் இன்னொரு கணக்கும் தோன்றும். உழுவதற்கே நிலம் இல்லாதவன் என்ன கணக்குப் பார்ப்பான்? விவசாயம் செய்ய ஆசையும் உடம்பில் தெம்பும் இருக்கிறது, நிலம் இல்லை. அந்தப் பக்கம் வயதான ஒருவருக்கு நிலம் இருக்கிறது, பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. இந்த இரண்டு பேரையும் சேர்த்து வைப்பது சுலபம் என்றுதானே நினைப்போம்? அது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்துகொள்ள பிரான்ஸ் நாட்டின் வரலாற்றைப் படித்தால் போதும். இதைச் சட்டம் போட்டுச் செய்து பார்த்த நாடு அது.

ஒவ்வொரு தலைமுறையும் மறுபடி வாங்கும் நிலம்

1804ல் நெப்போலியன் கொண்டுவந்த சிவில் சட்டம், சொத்தைப் பிள்ளைகளுக்குச் சமமாகப் பிரிக்கச் சொன்னது. நியாயமான சட்டம்தான். ஆனால் விவசாயக் குடும்பத்தில் இது ஒரு சிக்கலை உண்டாக்கியது. நான்கு பிள்ளைகளில் ஒருவன் ஊரில் தங்கி உழுகிறான், மற்ற மூவர் நகரத்துக்குப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்பாவுக்குப் பிறகு அந்த மூவரின் பங்கை இவன் பணம் கொடுத்துத்தான் வாங்க வேண்டும். அதாவது அப்பா பாடுபட்ட அதே நிலத்துக்கு மகன் கடன் வாங்கி விலை கொடுக்கிறான். அவன் மகன் காலத்திலும் அதே கதை.

இதில் இன்னொரு அநியாயம். பதினெட்டு வயதிலிருந்து சம்பளமே இல்லாமல் அப்பாவோடு உழைத்தவனுக்கும், நகரத்தில் சம்பளம் வாங்கியவனுக்கும் ஒரே பங்கு! இதைச் சரிசெய்ய 1939ல் ஒரு விதி வந்தது. வீட்டில் தங்கி உழைத்த பிள்ளைக்கு "பிறகு கொடுக்க வேண்டிய சம்பளம்" என்று ஒரு தொகையைக் கணக்கிட்டு, பாகப்பிரிவினைக்கு முன் அவனுக்குக் கொடுக்க வேண்டும். கொடுபடவேண்டிய சம்பளம் என்று நாம் இருப்புநிலைக் குறிப்பில் பொறுப்புப் பக்கம் எழுதுகிறோமே, கிட்டத்தட்ட அதேதான்.

குத்தகைக்காரருக்குக் கிடைத்த பாதுகாப்பு

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் 1945–46ல் குத்தகைச் சட்டம் மாறியது. குத்தகை குறைந்தது 9 ஆண்டுகள், முடிந்தால் புதுப்பிக்கும் உரிமை, குத்தகைத் தொகைக்கு வரம்பு, நிலத்தை விற்றால் குத்தகைக்காரருக்கே முதலில் வாங்கும் உரிமை. உரிமையாளர் தானோ தன் வாரிசோ வந்து உழப்போவதாக இருந்தால் மட்டும், நிபந்தனைகளோடு திரும்பக் கேட்கலாம்.

இதன் பலன் என்ன? நிலம் வாங்காமலேயே ஒருவன் முழு விவசாயியாக வாழலாம் என்றாகிவிட்டது. கையில் இருக்கும் பணத்தை மண்ணில் முடக்காமல் மாடு, டிராக்டர், விதை என்று நடைமுறை மூலதனமாகப் போடலாம். இன்றும் பிரான்ஸில் சாகுபடி நிலத்தில் பாதிக்கு மேல் குத்தகையில்தான் இருக்கிறது.

ஆனால் ஒரு குறை. ஏற்கெனவே உள்ளே இருப்பவரைத்தான் இந்தச் சட்டம் காத்தது. வெளியே நிற்கும் இளைஞனுக்கு அதில் கதவு இல்லை.

1961: மோர்லே நகரில் விடிந்த பொழுது

1950களில் பிரான்ஸில் சுமார் 23 லட்சம் பண்ணைகள் இருந்தன. பல மிகச் சிறியவை, உரிமையாளர்களும் வயதானவர்கள். விவசாயிகளுக்கென்று முதியோர் ஓய்வூதியமே 1952ல்தான் வந்தது. அதுவும் சொற்பம். கையில் இருக்கும் நிலம்தான் பென்ஷன் என்றால் யார் விடுவார்கள்?

இந்த நிலையில் கத்தோலிக்க இளைஞர் விவசாய இயக்கத்தில் வளர்ந்த ஒரு தலைமுறை கேள்வி கேட்க ஆரம்பித்தது. மிஷேல் தெபாத்தீஸ் போன்றவர்கள் சொன்னது இதுதான்: நிலம் பரம்பரைச் சொத்து என்பதைவிட அது உழைக்கும் கருவி. கருவி, உழைப்பவன் கையில் இருக்க வேண்டும்.

1960 ஆகஸ்டில் ஒரு சட்டம் வந்தது. ஆனால் நடைமுறைக்கு வரும் வழியாகத் தெரியவில்லை. 1961 ஜூன் 8 விடியற்காலையில் பிரித்தானி பகுதியில் விவசாயிகள் திரண்டு மோர்லே நகரின் அரசு அலுவலகத்தையே கைப்பற்றினார்கள். விளைபொருளுக்கு விலை இல்லாத கோபம்தான் உடனடிக் காரணம். முன்னணியில் நின்ற அலெக்சி குர்வெனெக்குக்கு அப்போது வயது 25! கைது செய்தார்கள், அதே மாதத்தில் விடுதலையானார். சில வாரங்களில் நாட்டுக்குப் புது விவசாய அமைச்சர் வந்தார். அவர் பெயர் எட்கார் பிசானி.

நடுவில் நிற்கும் தரகர்

1960 சட்டத்தில் உருவான அமைப்புக்கு "சஃபேர்" என்று பெயர். லாப நோக்கம் இல்லாத, அரசு மேற்பார்வையில் இயங்கும் கம்பெனி. விற்பனைக்கு வரும் விவசாய நிலத்தை வாங்கி, தேவைப்பட்டால் சீர்செய்து, தகுதியான விவசாயிக்கு மறுபடி விற்க வேண்டும். லாபத்துக்காக வைத்துக்கொள்ளக் கூடாது.

1962 ஆகஸ்டில் பிசானி கொண்டுவந்த சட்டம் இதற்குப் பல் கொடுத்தது. ஒரு விவசாய நிலம் விற்பனை ஆகப்போகிறது என்றால் பத்திரம் எழுதும் அதிகாரி சஃபேருக்குத் தகவல் சொல்ல வேண்டும். சஃபேருக்கு இரண்டு மாத அவகாசம். விரும்பினால் வெளியாளை ஒதுக்கிவிட்டுத் தானே வாங்கலாம். விலை அநியாயம் என்று தோன்றினால் குறைந்த விலையும் சொல்லலாம். அதை ஏற்பதா, விற்பனையையே கைவிடுவதா, கோர்ட்டுக்குப் போவதா என்பது விற்பவரின் விருப்பம். நெருங்கிய உறவினருக்கு விற்றால் இது பொருந்தாது. நிலத்தில் இருக்கும் குத்தகைக்காரரின் உரிமையும் சஃபேரின் உரிமைக்கு முன்னால் நிற்கும்.

அதே 1962 சட்டத்தில் இன்னொரு பாதி இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். நிலத்தை விட்டு விலகும் முதிய விவசாயிக்கு, ஓய்வூதியத்துக்கு மேல் ஆயுள் முழுவதும் ஒரு தொகை! நிபந்தனை ஒன்றுதான். அவர் விடும் நிலம் வேறொரு பண்ணையைப் பெரிதாக்கவோ, இளம் விவசாயி ஒருவர் தொடங்கவோ உதவ வேண்டும். பயத்தால் நிலத்தைப் பிடித்துக்கொண்டிருந்தவரிடம் போய் "விடு" என்று சொல்லவில்லை, அந்தப் பயத்தின் காரணத்தையே எடுத்தார்கள். லட்சக்கணக்கானவர்கள் இதைப் பெற்றார்கள்.

வாங்கும் பக்கத்துக்கும் உதவி வந்தது. 1973ல் மலைப் பகுதிகளில் தொடங்கிய இளம் விவசாயி மானியம் 1976ல் நாடு முழுவதற்கும் விரிந்தது. கூடவே கிரெடி அக்ரிகோல் வங்கி மூலம் குறைந்த வட்டிக் கடனும் கிடைத்தது.

கணக்கு எங்கே இடித்தது?

இவ்வளவு செய்தும் என்ன ஆயிற்று? 1970ல் சுமார் 16 லட்சம் பண்ணைகள், 1988ல் சுமார் 10 லட்சம், 2010ல் சுமார் 4.9 லட்சம், 2020ல் சுமார் 3.9 லட்சம். 2020 கணக்கெடுப்பில் பண்ணை நடத்துபவர்களில் 43 சதவீதம் பேர் 55 வயதைத் தாண்டியவர்கள்.

இதில் ஒரு பகுதி திட்டமிட்டே நடந்தது. சிறு பண்ணைகள் குறைந்து நடுத்தரப் பண்ணைகள் வளர வேண்டும் என்பதுதான் 1962ன் நோக்கமே. முதியவர் விட்ட நிலத்தில் பெரும்பங்கு புதியவனுக்குப் போகாமல் பக்கத்து வயல்காரருக்குப் போனது. பண்ணை பெரிதாக ஆக அதன் மொத்த விலையும் ஏறியது. நிலம், கட்டடம், இயந்திரம், மாடு எல்லாம் சேர்ந்த ஒரு பண்ணையைக் கைமாற்ற இளைஞனிடம் பணம் எங்கே? நேற்றைய தீர்வே இன்றைய தடையாகிவிட்டது.

இன்னொரு ஓட்டையும் இருந்தது. காமர்ஸ் மாணவர்களுக்கு உடனே புரியும். நிலத்தை விற்றால்தானே சஃபேர் குறுக்கே வரும்? நிலத்தை ஒரு கம்பெனி பெயரில் வைத்துக் கம்பெனியின் பங்குகளை விற்றால்? 2014ல் நூறு சதவீதப் பங்கும் கைமாறினால் சஃபேர் தலையிடலாம் என்றார்கள். உடனே 98 சதவீதம் மட்டும் விற்றார்கள்! ஆந்த்ர் மாவட்டத்தில் ஒரு சீன நிறுவனம் இந்த வழியில் சுமார் 1,700 ஹெக்டேர் வாங்கியது 2016ல் வெளியாகிப் பெரிய சர்ச்சையானது. 2017ல் போட்ட தடையின் ஒரு பகுதியை அரசியலமைப்பு மன்றம் ரத்து செய்தது. கடைசியில் 2021 டிசம்பரில் வந்த சட்டம், பெரிய பரப்புக்கு மேல் பங்கு மாற்றத்துக்கும் அனுமதி வேண்டும் என்றது.

வாங்காமலே பெறும் வழி

லார்சாக் பீடபூமியில் ராணுவ முகாமை விரிவாக்க 1971ல் அரசு நிலம் கேட்டது. விவசாயிகள் பத்து ஆண்டுகள் போராடினார்கள். 1981ல் அதிபரான மித்தரான் திட்டத்தைக் கைவிட்டார். ராணுவத்துக்காக ஏற்கெனவே வாங்கியிருந்த சுமார் 6,300 ஹெக்டேர் நிலத்தை அரசு 1985ல் விவசாயிகளே நடத்தும் ஓர் அமைப்புக்கு நீண்ட காலக் குத்தகைக்குக் கொடுத்தது. அது பின்னால் 2083 வரை நீட்டிக்கப்பட்டது. அங்கே ஒருவர் ஓய்வு பெற்றால் நிலத்தை விற்க முடியாது, ஏனென்றால் அது அவருடையதே இல்லை. அமைப்பிடம் திரும்ப வரும், அடுத்தவர் வருவார். நிலத்துக்கென்று அவர் ஒரு காசு முதல் போட வேண்டியதில்லை.

2003ல் தொடங்கிய "தேர் த லியான்" அமைப்பு இதையே வேறு வழியில் செய்கிறது. பொதுமக்களின் சேமிப்பைப் பங்காகத் திரட்டிப் பண்ணை வாங்கி, இயற்கை விவசாயம் செய்பவர்களுக்குக் குத்தகைக்கு விடுகிறது.

இவ்வளவையும் படித்த பிறகு எனக்குத் தோன்றுவது இதுதான். வரவு, பற்று இரண்டும் சமமாக வேண்டும் என்பது கணக்கியலின் முதல் பாடம். இளைஞனுக்குக் கடன் கொடுத்தால் மட்டும் போதாது, அது நில விலையைத்தான் ஏற்றும். முதியவருக்கு ஓய்வூதியம் கொடுத்தால் மட்டும் போதாது, நிலம் பக்கத்துப் பெரிய பண்ணைக்குப் போய்விடும். விடுபவரின் முதுமைக்கு யார் பொறுப்பு, வருபவனின் முதலுக்கு யார் பொறுப்பு, நடுவில் அந்த நிலம் வேறு பக்கம் நழுவாமல் யார் பார்ப்பது? இந்த மூன்றுக்கும் பதில் இல்லாத எந்தத் திட்டமும் பாதிக் கணக்குதான். பிரான்ஸ் அறுபது வருடங்களுக்கு மேலாக இதை எழுதிக்கொண்டிருக்கிறது, இன்னும் ஐந்தொகை சமமாகவில்லை. ஆனாலும் முதல் பக்கத்தையே திறக்காதவர்களைவிட அவர்கள் எவ்வளவோ மேல் என்பது என் கருத்து.

உங்களுக்கு என்ன தோன்றுகிறது?