பத்தாம் திகதி விழுங்கிய ஏழு நாள்கள்

ஆண்டுதோறும் ஜனவரி 10ஆம் திகதி யாழ்ப்பாணம் வீரசிங்கம் மண்டபத்தின் அருகிலுள்ள நினைவிடத்தில் விளக்கேற்றி மலர் தூவுவர். மறுநாள் பத்திரிகைகளில் ஒரு படமும் ஒரு பத்திச் செய்தியும் வரும். அத்தகைய செய்திகளைப் பலமுறை நானும் செப்பனிட்டிருக்கிறேன். 1974இல் அம்மக்கள் அங்கே எதற்காகக் கூடினர் என்பதற்கு அந்த ஒரு பத்தியில் இடமிருப்பதில்லை.

அவர்கள் தமிழ் கேட்க வந்தவர்கள்.

உலகத் தமிழாராய்ச்சி மன்றம் 1964இல் புதுடில்லியில் தோன்றியது. அதற்கு முன்னின்றவர் தீவகத்தில் பிறந்த தனிநாயகம் அடிகளார். முதல் மாநாடு 1966இல் கோலாலம்பூரில் நடந்தது. 1968இல் சென்னையில் அண்ணா அதனை மக்கள் விழாவாக்கினார். மெரினாவில் சிலைகள் எழுந்தன. 1970இல் பாரிஸில் அது மீண்டும் அறிஞர் அவையாகச் சுருங்கிற்று. நான்காவது மாநாட்டைக் கொழும்பில் நடத்த வேண்டுமென்றே சிறிமாவோ அரசு விரும்பியது. நீண்ட இழுபறிக்குப் பின் யாழ்ப்பாணம் என முடிவாயிற்று.

அமைப்புக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் பேராசிரியர் சு. வித்தியானந்தன். கிராமத்துக் கூத்தைப் பேராதனைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொணர்ந்து 'இராவணேசன்' முதலியவற்றைத் தயாரித்தவர் அவர். அத்தகைய ஒருவரின் மாநாடு கட்டுரை வாசிப்போடு நின்றிருந்தாற்றான் வியப்பு. ஜனவரி 3 முதல் 9 வரை ஆய்வரங்குகள் நடந்தன. வெளியே நகர் முழுவதும் தோரணம் கட்டி, குடாநாடே திரண்டு வந்தது. சென்னை விழாவுக்கு ஓர் அரசு துணைநின்றது. இங்கே அரசின் மனக்கசப்பின் நடுவே மக்களே அதனைச் செய்தனர். இவ்வேறுபாடு போதிய அளவு பேசப்படவில்லை என்பது என் எண்ணம்.

ஆய்வரங்குகள் பேராளர்களுக்குரியவை. எனவே பொதுமக்களுக்கென 10ஆம் திகதி மாலை ஒரு கூட்டம் ஏற்பாடாயிற்று. மண்டபம் கொள்ளாமையால் அதன் முன்புறம் மேடை அமைத்தனர்; ஆயிரக்கணக்கானோர் எதிரே புல்வெளியில் அமர்ந்தனர். திருச்சியிலிருந்து வந்த பேராசிரியர் நைனா முகம்மது பேசிக்கொண்டிருந்தார். அவ்வேளை பொலிசார் கூட்டத்துள் புகுந்தனர். தடியடி, கண்ணீர்ப்புகை, துப்பாக்கி வேட்டு. மின்கம்பி அறுந்து விழுந்தது. ஒன்பது பேர் இறந்தனர். பின்னர் மாண்டோரையும் சேர்த்துப் பதினொருவர் என்பாரும் உளர். மாண்டவர் கட்டுரை படிக்க வந்த அறிஞரல்லர். கேட்க வந்த மக்கள்.

அரசு விசாரிக்கவில்லை. ஓய்வுபெற்ற நீதியரசர்கள் டி கிரெற்சர், மாணிக்கவாசகர் ஆகியோரும் ஆயர் குலேந்திரனும் அமர்ந்த குடிமக்கள் ஆணைக்குழு, நிராயுதபாணிகள் மீதான தேவையற்ற தாக்குதல் இதுவெனப் பொலிசாரையே குற்றங்கண்டது. எவரும் தண்டிக்கப்படவில்லை. மாநாட்டில் தொண்டராக நின்ற பொன். சிவகுமாரன் அவ்வாண்டு யூன் 5ஆம் திகதி சயனைட் அருந்தி மாண்டார். மறு ஆண்டு யூலையில் மேயர் அல்பிரட் துரையப்பா சுட்டுக் கொல்லப்பட்டார். அதன் பின்னான வரலாற்றை நாம் அனைவரும் அறிவோம்.

மாநாட்டுக் கட்டுரைகள் பின்னர் வித்தியானந்தனைப் பதிப்பாசிரியராகக் கொண்டு நூலுருப் பெற்றன. விளக்கேற்றச் செல்வோரில் அதனைப் புரட்டியவர் எத்தனை பேரோ! நைனா முகம்மதுவின் பேச்சோ பாதியிலேயே நின்றது.