பட்டினி கிடக்கும் பல்லி

நம் தேசத்தில் பல்லிக்குக் கிடைத்திருக்கும் மரியாதை வேறு எந்தச் சிறு பிராணிக்கும் கிடைத்ததில்லை. தலையில் விழுந்தால் என்ன, தோளில் விழுந்தால் என்ன என்று சொல்ல ஒரு சாஸ்திரமே இருக்கிறது. பஞ்சாங்கங்களில் வருஷம் தவறாமல் அச்சாகிறது. காஞ்சி வரதராஜப் பெருமாள் கோயிலில் தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் ஜனங்கள் வரிசையில் நின்று தொட்டுக் கும்பிடுகிறார்கள். இதற்கெல்லாம் வெகு காலம் முன்பே, நற்றிணையில் ஒரு காட்டுப் பன்றி தினைப்புனத்துக்குள் நுழையப் போகிறது. பல்லி சொல்கிறது. சகுனம் சரியில்லை என்று பன்றி திரும்பி விடுகிறது! பன்றிகூட அதன் பேச்சைக் கேட்டது. ஆனால் இத்தனை நூற்றாண்டுகளில், "அது சாப்பிட்டதா?" என்று கேட்டவர் மட்டும் யாருமில்லை. சுவரில் இருப்பது தானே பூச்சி பிடித்துக் கொள்கிறது. நாம் எதற்காகக் கேட்க வேண்டும்?

கண்ணாடிப் பெட்டியில் பல்லி வளர்க்கும் காலம் வந்த பிறகு கேட்டுத்தானே ஆக வேண்டியிருக்கிறது? உலகமெங்கும் மிக அதிகமாக வளர்க்கப்படும் ஜாதிகளில் ஒன்று, மஞ்சள் உடம்பில் கரும்புள்ளி போட்ட சிறுத்தைப் பல்லி. அதற்கு விஞ்ஞானப் பெயர் சூட்டியவர் எட்வர்ட் பிளைத் என்ற ஆங்கிலேயர். லண்டன் பக்கத்தில் மருந்துக் கடை வைத்து நஷ்டப்பட்ட மனிதர். 1841ல் கல்கத்தாவுக்கு வந்து ஏஷியாடிக் சொஸைட்டியின் மியூஸியத்தில் காப்பாளராகச் சேர்ந்தார். சம்பளம் சொற்பம், வேலையோ மலை போல. ஆனாலும் டார்வினே கடிதம் எழுதி விவரம் கேட்கும்படி அவருடைய அறிவு இருந்தது. 1854ல் இந்தப் பல்லிக்கு அவர் பெயர் வைத்தார். அதன் ஊர் பஞ்சாபின் உப்பு மலைத் தொடர். இன்று அது பாகிஸ்தானில் இருக்கிறது. பிளைத்தின் மேஜைக்கு வந்தது உயிரற்ற உடல். புள்ளிகளை எண்ணலாம், வாலை அளக்கலாம். செத்த பல்லி சாப்பாடு வேண்டாமென்று சொல்லுமா?

உயிருள்ளதைப் பற்றிய முக்கியமான செய்தி வர இன்னும் 90 வருஷம் ஆயிற்று. 1944ல் கௌல்ஸ், போகர்ட் என்ற இரண்டு அமெரிக்கர்கள், பாலைவன ஊர்வனவற்றின் உஷ்ணத் தேவையைப் பற்றி ஓர் ஆராய்ச்சி வெளியிட்டார்கள். "குளிர் ரத்தப் பிராணி" என்று நம் பள்ளிக்கூடப் புத்தகம் ஒரு வார்த்தையில் முடித்து விடுகிறதல்லவா? அது எவ்வளவு அரைகுறை என்று காட்டியவர்கள் அவர்கள். பல்லிக்கும் ஓணானுக்கும் உடம்பில் அடுப்பு இல்லை, வாஸ்தவம். அதனால் அது சும்மா இருப்பதில்லை. வெயிலுக்கு ஓடுகிறது, நிழலுக்கு ஓடுகிறது, கல்லோடு ஒட்டிக் கொள்கிறது. இப்படியே தனக்கு வேண்டிய சூட்டைப் பகல் முழுவதும் ஏறக்குறைய ஒரே அளவில் வைத்துக் கொள்கிறது. ராத்திரியில் நடமாடும் பல்லி, பகலில் காய்ந்த கல்லின் சூட்டை வயிற்றால் வாங்கிக் கொள்கிறது. அந்தச் சூடு இருந்தால்தான் தின்றது ஜீரணமாகும். இல்லையென்றால் பசியே எடுக்காது. எடுத்துத் தின்றாலும் வயிற்றிலேயே அழுகும்.

இப்போது ஓசூருக்கு வாருங்கள். கிருஷ்ணகிரி ஏறக்குறைய 500 மீட்டர் உயரத்தில் வெயிலில் காய்கிறது. சூளகிரியைத் தாண்டி மேடேறினால் ஓசூர் 900 மீட்டரை நெருங்குகிறது. மார்கழி, தை இரவுகளில் 15 டிகிரிப் பக்கம் இறங்கிவிடும். இந்தக் குளிரை நம்பித்தான் 1824ல் மத்திகிரியில் வெள்ளைக்காரப் பட்டாளத்துக்குக் குதிரை வளர்க்கப் பண்ணை போட்டார்கள். இதே குளிரை நம்பித்தான் இன்று ரோஜா வளர்த்துக் கடல் கடந்து அனுப்புகிறார்கள். குதிரைக்கும் ரோஜாவுக்கும் ஒத்துக்கொண்டது உப்பு மலைப் பல்லிக்கு ஒத்துக்கொள்ள வேண்டுமென்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது?

போன தை மாதம் அங்கே சிப்காட்டில் வேலை பார்க்கும் ஒரு நண்பரைப் பார்க்கப் போனேன். அவர் மகன் கண்ணாடிப் பெட்டி முன்னால் உட்கார்ந்து, இடுக்கியில் ஒரு சுவர்க்கோழியைப் பிடித்துப் பல்லியின் வாயில் திணித்துக் கொண்டிருந்தான். கண்ணில் ஜலம்.

"ஒம்பது நாளா எதையும் தொடல, தாத்தா. அசையவே மாட்டேங்குது. கடைக்காரர் இது சோம்பேறி ஜாதின்னு சொல்றாரு."

பெட்டிக்குள் ஒரு தர்மாமீட்டர் வைக்கச் சொன்னேன். 18 டிகிரி. அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! தொழிற்சாலையில் உலையின் உஷ்ணம் ஒரு டிகிரி பிசகினால் ஓடிப்போய்த் திருத்துகிறவர் அவர். அன்று சாயங்காலமே பெட்டியின் ஒரு பக்கத்துக்கு அடியில் சூடேற்றும் விரிப்பு ஒன்றைப் போட்டு, தரை 32 டிகிரியில் நிற்கும்படி தெர்மோஸ்டாட்டும் வைத்துவிட்டார். மறு பக்கம் குளிர்ச்சியாகவே இருந்தது. பிராணி தானே இடம் பார்த்துக் கொள்ள வேண்டுமல்லவா? திணிப்பதை நிறுத்தச் சொன்னேன். ஆறாம் நாள் ஒரு பூச்சியைத் தானே பிடித்ததென்று பையன் போனில் கத்தினான்.

எல்லாப் பட்டினியும் குளிரால் வருவதல்ல. சட்டை உரிக்கும் முன் இரண்டொரு நாள் வாயைத் திறக்காது. இனப்பெருக்க காலத்து ஆண், முட்டை சுமக்கும் பெண், புது வீட்டுக்கு வந்து மிரண்டது - இவையும் அப்படித்தான். இவற்றுக்காகக் கவலைப்பட வேண்டியதில்லை. பெட்டியில் பரப்பிய மணலை விழுங்கிக் குடல் அடைத்துக் கொண்டால் கவலைப்பட வேண்டும். சுண்ணாம்புச் சத்தும் 'டி' வைட்டமினும் குறைந்தால் எலும்பு மெத்தென்று ஆகித் தாடை வளைகிறது. பசி இருந்தும் கடிக்க முடியாது. இந்தக் கொடுமைதான் எனக்கு மிகவும் வருத்தமாகப் படுகிறது. கிரிப்டோஸ்போரிடியம் என்ற நுண்ணுயிர் குடலில் புகுந்தால் நிச்சயமான மருந்து கிடையாது; ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்கும் தொற்றும்.

எது விளையாட்டு, எது வினை என்று அறிய வாலைப் பார்க்க வேண்டும். சிறுத்தைப் பல்லி கொழுப்பை வாலில்தான் சேமிக்கிறது. வால் பருத்திருந்தால் வளர்ந்த பல்லி சில வாரம்கூடப் பட்டினி தாங்கும். குச்சி போல் இளைத்துவிட்டதானால் அன்றைக்கே வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

ஓசூர் வீட்டுச் சுவர்ப் பல்லிகளுக்கு விரிப்புப் போட ஆளில்லை. தை மாதத்தில் அவை காலண்டருக்குப் பின்னாலும் குழல் விளக்கின் மேலும் ஒண்டிக் கிடக்கின்றன. மாசி முடிந்து சுவர் காயத் தொடங்கியதும், ஒவ்வொன்றாக வெளியே வந்து சொல்ல ஆரம்பிக்கின்றன.