மார்பகப் புற்றிலிருந்து மீண்டோரிடம் இரத்த மாதிரி, உடல்நலத் தரவு சேகரித்தல்

மார்பகப் புற்றுக்குச் சிகிச்சை பெற்று மீண்ட பெண்களிடம், சம்மதம் கேட்டு, இரத்தமும் உடல்நல விவரங்களும் பெற்று ஆண்டுக்கணக்கில் கவனித்து வரும் ஆய்வுமுறை இது. யாருக்கு நோய் திரும்புகிறது, உணவும் உழைப்பும் அதில் என்ன செய்கின்றன என்பது ஒரு நாள் பரிசோதனையில் தெரியாது. அதே பெண்ணை ஐந்தாம் ஆண்டிலும் பத்தாம் ஆண்டிலும் தேடிப்பிடிக்க வேண்டும்.

ஷாங்காயில் 2002 முதல் 2006 வரை நோய் கண்டறியப்பட்ட 5,042 பெண்களை அப்படித் தொடர்ந்தார்கள். சோயா உணவு இந்த நோய்க்கு ஆகாதோ என்ற பயம் அப்போது இருந்தது. 2009இல் வெளிவந்த முடிவோ, சோயா அதிகம் உண்டவர்களிடம் நோய் மீள்வதும் இறப்பும் குறைவு என்றது. அமெரிக்கத் தாதியர் ஆய்வில் 1989–90இல் 32,826 பேர் தங்கள் இரத்தத்தை ஐஸ் பொதியோடு கூரியரில் அனுப்பிவைத்தனர். அவர்கள் நோயாளிகள் அல்லர், தாதியர். வீட்டுக்கு முகவரியும் இருந்தது.

இலங்கைப் பெண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றே. நாட்டின் புற்றுநோய்ப் பதிவேடு 1985 முதல் உண்டு. கொழும்புப் பல்கலைக்கழக மரபியலாளர்கள், மாதவிடாய் நின்ற 350 நோயாளிகளையும் 350 ஆரோக்கியமான பெண்களையும் ஒப்பிட்டு மரபணு ஆய்வொன்றை 2018இல் வெளியிட்டனர். அதற்கு ஒருமுறை எடுத்த மாதிரி போதும். பத்தாண்டு பின்தொடர்வது வேறு வேலை.

ஊவா மாகாணத்தின் தேயிலைத் தோட்டங்களில் அந்த வேலை முகவரியிலேயே இடறும். தொழிலாளர் வரிசையாக வாழும் லயத்து வீடுகள் பலவற்றுக்குத் தனி இலக்கமில்லை. கடிதம் தோட்ட ஒஃபீசுக்குத்தான் வரும். கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தவில் 2014 ஒக்டோபர் 29 காலை சரிந்த மண் லயங்களையே மூடியது. பிழைத்தவர்கள் முகாம்களுக்குப் போனார்கள். 2016இல் பூனாகலையில் கட்டிய 75 வீடுகள் கையளிக்கப்பட்டன. இப்படியான நாளில் கிளினிக் கொப்பியும் வீட்டோடு போய்விடும். பதிவேட்டில் பழைய லயத்தின் பெயர் மட்டும் மிஞ்சும்.

இரத்தம் எடுப்பது எளிய பகுதிதான். மரபணுவுக்கான இரத்தம் ஊதா மூடிக் குழாயில் எடுக்கப்படும். அக்குள் நிணநீர்க் கணுக்கள் அகற்றப்பட்டிருந்தால், வீக்கத்துக்கு அஞ்சிப் பெரும்பாலும் மறு கையில்தான் ஊசி ஏறும். பிளாஸ்மாவைச் சுழற்றிப் பிரித்து மைனஸ் 80 பாகையில் வைக்க வேண்டும். பதுளையில் எடுத்தாலும் கொழும்பில் எடுத்தாலும் விதி ஒன்றே.

கேள்விப் படிவம் அவ்வளவு எளிதல்ல. 'வாரத்தில் எத்தனை நாள் உடற்பயிற்சி?' என்று கேட்டால், கூடையோடு நாள் முழுக்கச் சரிவில் ஏறி இறங்குபவர் 'இல்லை' என்றுதான் சொல்வார். அந்தப் பதில் உண்மையைத் தலைகீழாக்கிவிடும். கொழுந்து பறிக்கும்போது கை வீங்குகிறதா, கூடைக் கயிறு எங்கே அழுத்துகிறது, நிறை குறைந்து எத்தனை நாள் அரைப்பேர் (அரைநாள் கூலி) விழுந்தது என்று கேட்டால் தகவல் கிடைக்கும். ஆய்வுக்காகப் பதுளைக்கு வரும் நாளின் பேரும் போய்விடுவதால், அந்தக் கூலியை ஆய்வுச் செலவில் சேர்ப்பதே நியாயம். சம்மதப் படிவம் தமிழில் இருக்க வேண்டும். வாசிக்க முடியாதவருக்குச் சாட்சி முன்னிலையில் படித்துக்காட்டி விரலடையாளம் பெறுவார்கள். தொடர்பு விவரத்தில் தோட்டத்து முகவரியோடு, கொழும்பில் வேலை செய்யும் மகனின் கைபேசி எண்ணையும் அந்தப் பிரிவுக் குடும்பநல மாதுவின் எண்ணையும் குறித்துக்கொண்டால் பத்தாம் ஆண்டில் தேடுவது எளிதாகும்.