கிளியைப் பிடித்தது யார் குற்றம்?

காங்கேயத்துக்கும் வெள்ளகோவிலுக்கும் இடைப்பட்ட ஊர்களில், அண்ணன்மார் கதை தெரிந்த இரண்டு பெரியவர்கள் ஒரு திண்ணையில் உட்கார்ந்தால் பேச்சு சீக்கிரமே வழக்கில் வந்து நிற்கும். வேட்டுவர் தலைவன் தலையூர்க் காளி கொடியவனா, தன் காட்டைக் காக்க நின்றவனா? பொன்னிவள நாட்டில் முதலில் குடியிருந்தவர்கள் யார்? சண்டைக்குக் காரணம் பன்றியா, கிளியா? ஒருவர் தன் ஊர் உடுக்கடிப்பாட்டில் கேட்டதைச் சொல்வார். மற்றவர் வீரப்பூர்த் திருவிழாவில் கேட்டதைச் சொல்வார். இரண்டும் ஒத்துப்போகாது.

இந்த வழக்கின் சாயல் இன்றைய இளைஞர்களுக்கும் புதிதல்ல. 2001இல் வெளிவந்த 'ஹேலோ' என்ற விண்வெளிப் போர் விளையாட்டில் மனிதர்களுக்கு எதிராக நிற்பது கவனென்ட் என்னும் வேற்றுக்கிரகக் கூட்டணி. இரு தரப்புக்கும் முன்னால் அண்டத்தை ஆண்டு மறைந்த ஃபோர்ரன்னர் என்ற ஆதி இனமும் உண்டு. அந்த ஆதி இனம் மனிதர்கள்தானா என்பதுதான் ரசிகர்களின் நெடுநாள் சண்டை. 2007இல் வந்த மூன்றாம் பாகத்தில் ஓர் இயந்திரப் பாத்திரம் நாயகனையே அந்த இனத்தவன் என்று சொல்லிவிட்டது. 2011 முதல் கிரெக் பேர் எழுதிய நாவல்களோ இருவரும் வெவ்வேறு இனம் என்றன. எதை ஏற்பது என்று இரண்டு அணிகள் ஆதாரங்களோடு மோதின. ஆனால் அங்கே கடைசித் தீர்ப்பு நிறுவனத்தின் கையில் இருக்கிறது. கதைக்கு உரிமையாளர் உண்டு. அண்ணன்மார் கதைக்கு அப்படி ஒருவர் கிடையாது. அதனால் கொங்கு நாட்டு வழக்கு பல தலைமுறைகளாகத் தீராமல் நடக்கிறது.

கதை இதுதான். கோளாத்தாக் கவுண்டர் பஞ்சம் பிழைக்க வந்து, சோழனிடம் வேலை பார்த்து, பொன்னிவள நாட்டைப் பெற்றுக் காடு திருத்தி உழவு செய்கிறார். பயிரைக் காக்க அவர் போட்ட வேலியில் சிவனுடைய பசுக்கள் சிக்கிச் சாகின்றன. ஏழு தலைமுறைக்குப் பிள்ளையில்லை என்று சாபம் விழுகிறது. பாறைகளுக்கு அடியில் கிடைத்த குழந்தை குன்றுடையாக் கவுண்டராக வளர்ந்து தாமரையை மணக்கிறார். ஊசிக்கம்பத்தில் தவமிருந்து தாமரை பெற்ற வரத்தால் பெரியண்ணன் பொன்னரும், சின்னண்ணன் சங்கரும், தங்கை அருக்காணித் தங்காளும் ஒன்றாகப் பிறக்கிறார்கள். பஞ்சபாண்டவர் கதை மிச்சம் வைத்ததை முடிக்க வந்த பிறவிகள் இவர்கள் என்று பல பாடங்கள் சொல்லும். அண்ணன்மாருக்குப் பதினாறு வயதுதான் ஆயுள்.

எதிர்ப்பக்கத்தில் வீரமலைக் காட்டு வேட்டுவர்கள். தங்காள் ஒரு கிளி கேட்கிறாள். அண்ணன் காட்டுக்குள் போய்க் கிளியைப் பிடித்து வருகிறான். அதற்குப் பழியாக வேட்டுவ இளவரசி தான் வளர்த்த கொம்பன் என்ற காட்டுப்பன்றியை வயலுக்குள் ஏவுகிறாள். பயிர் அழிகிறது, வேட்டை மூள்கிறது. யாரும் பொருட்படுத்தாத பொன்னாச்சி என்ற குட்டி நாய்தான் கொம்பனைச் சாய்க்க வழி செய்கிறது. அதன்பிறகு போர். கடைசியில் அண்ணன்மார் இருவரும் படுகளத்தில் மாள்கிறார்கள்.

1965இல் பிரெண்டா பெக் என்ற ஆக்ஸ்போர்டு ஆராய்ச்சி மாணவி டேப் ரெக்கார்டருடன் காங்கேயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் இந்தக் கதையைப் பதிவு செய்தார். அன்று கோவை மாவட்டத்தில் இருந்த அந்த ஊர் 2009 முதல் திருப்பூர் மாவட்டத்தில் இருக்கிறது. இ. சி. ராமசாமி என்ற பாடகர் உடுக்கை அடித்துப் பாட, துணைப் பாடகர் பின்பாட்டுப் பாட, கதை 18 இரவுகள் நடந்தது. பிறகு அதே பாடகரிடம் அதே கதையைச் சொல்லச் சொல்லி எழுதவும் வைத்தார்கள். எழுத வைத்த பாடம் தமிழும் ஆங்கிலமுமாக 1992இல் சென்னை ஆசியவியல் நிறுவன வெளியீடாக இரண்டு தொகுதிகளில் வந்தது. அதற்கு முன்பே, 1982இல், கதையின் பல வடிவங்களை ஒப்பிட்டு 'மூன்று இரட்டையர்' என்ற பொருள்படும் ஆங்கில நூலை பெக் எழுதியிருந்தார். கூட்டத்துக்கு முன்னால் பாடியதும் எழுதுபவரிடம் சொன்னதும் ஒரே வாயிலிருந்து வந்தும் ஒன்றாக இல்லை. யார் முன்னால் அமர்ந்து கேட்கிறார்கள் என்பதும் கதையின் ஒரு பகுதி என்று அந்த ஒப்பீடு காட்டியது. 2012இல் 'மாஸ் எஃபெக்ட்' விளையாட்டின் மூன்றாம் பாகத்து முடிவை ரசிகர்கள் கடுமையாக எதிர்த்ததும், சில மாதங்களில் நிறுவனம் முடிவுக் காட்சிகளை நீட்டி இலவசமாக வெளியிட்டது. ஊர்க்கூட்டத்துக்கு முன்னால் பாடும் உடுக்கடிக்காரருக்கு அவ்வளவு காலம்கூடத் தேவையில்லை. மறுப்பு எழுந்தால் அன்றிரவே பாட்டில் பதில் வரும்.

ஓலப்பாளையத்துப் பாடம் உழவர் பக்கத்திலிருந்து பாடப்படுவது. ஆனால் அதைக் கவனமாகக் கேட்டால், எதிர்க்கட்சியின் வாதம் முழுதாக உள்ளேயே இருக்கிறது. முதல் குற்றம் வேலியில் பசு செத்தது. அது நாயகர்களின் முன்னோர் செய்தது. அடுத்த குற்றம் கிளி. காட்டின் உடைமையைக் கேளாமல் எடுத்தவர் நாயகரே. கொம்பன் வருவது அதற்குப் பிறகுதான். இங்கே ஒரு தங்கைக்கு அண்ணன்மார் என்றால், அந்தப் பாடத்தில் வேட்டுவ இளவரசிக்கு நூறு அண்ணன்மார். இரு வீட்டிலும் அண்ணன் தங்கைப் பாசமே ஆயுதத்தை எடுக்க வைக்கிறது. பகைவனுக்கு இவ்வளவு நியாயம் கொடுக்கும் வெற்றிப்பாட்டு அரிது. வென்றவர்கள் நீடித்து ஆண்டதாகக்கூடக் கதை முடிவதில்லை. அண்ணன்மார் தம் வாளாலேயே சாகிறார்கள்.

வேட்டுவர் சொல்லும் கதையில் எடை மாறுகிறது. வேட்டுவக் கவுண்டர்கள் பலர் கண்ணப்ப நாயனாரைத் தம் முன்னோராகக் கொண்டாடுகிறார்கள், தலையூர்க் காளியைத் தம் குல வீரனாகப் போற்றுகிறார்கள். அவர்களுக்குக் காளி காட்டுக் கூட்டத் தலைவன் அல்ல, அரசன். நாடு திருத்திய கதை அவர்களுக்கு நாடு பறிபோன கதை. கவிஞர் சக்திக்கனல் 1971இல் சுவடியிலிருந்து பதிப்பித்த 'அண்ணன்மார் சுவாமி கதை' அச்சில் வந்த பிறகு, வாய்மொழியாக இருந்த இந்த வேறுபாடுகளுக்குப் பக்க எண் காட்டி வாதாட முடிந்தது. அச்சுக்கு நன்மையும் உண்டு, தீமையும் உண்டு. புத்தகத்தில் இருப்பதே சரி, ஊரில் பாடுவது பிழை என்று நினைக்கும் பழக்கம் அதோடுதான் வந்தது.

மூன்றாவது தரப்பைப் பற்றி வழக்காடுபவர்கள் குறைவு. கைவினைஞர்கள் கதையில் சூழ்ச்சிக்காரர்களாக வருகிறார்கள். ஆனால் ஓலப்பாளையத்துப் பாடத்தில், உழவர் வருமுன் அந்த மண்ணில் இருந்தவர்கள் அவர்களே. கொங்கு நாட்டுச் சாதிகள் வலங்கை, இடங்கை என்று பிரிந்து நின்ற பழைய ஏற்பாட்டை பெக் 1972இல் வெளியிட்ட வேறொரு நூலில் விரிவாக எழுதினார். உழவரும் அவர்களைச் சார்ந்தவர்களும் வலங்கை, கம்மாளர் முதலானோர் இடங்கை. அந்தப் பிரிவை மனத்தில் வைத்துப் படித்தால், கதையில் ஆசாரி ஏன் எதிரியோடு சேர்கிறார் என்பது புரியும்.

அண்ணன்மாரின் துணைவன் சாம்புவன் இன்னும் பெரிய கேள்வி. முரசு கொட்டுபவன், முதலில் களத்தில் இறங்குபவன், வேட்டுவர் அஞ்சும் வீரன். அவனை ஏவலாளாகப் பாடும் பாடமும் உண்டு, படைத்தலைவனுக்கு இணையாகப் பாடும் பாடமும் உண்டு. மணப்பாறை அருகே வீரப்பூரில் மாசிமாதம் நடக்கும் பெரியகாண்டியம்மன் திருவிழாவில் பொன்னரின் குதிரை வாகனத்துக்கு முன்னால் சாம்புவன் காளை செல்கிறது. தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்தவனுக்கு விழா கொடுக்கும் அந்த முன்னிடத்தைப் பாட்டும் கொடுக்க வேண்டும் என்று கேட்பவர்களின் பக்கம்தான் நியாயம் இருக்கிறது.

இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த காங்கேயம் பக்கத்து ஊர்களிலிருந்துதான் திருப்பூர் பனியன் தொழிலுக்குப் பல்லாயிரம் பேர் போனார்கள். மழை குறைந்த மேட்டுக்காட்டில் சோளமும் கம்பும் விதைத்த சிறு விவசாயிகளின் பிள்ளைகள் கூலிக்குச் சேர்ந்து, பங்குக்கு மிஷின் போட்டு, கம்பெனி முதலாளிகள் ஆனதை ஷரத் சாரி 2004இல் வெளியிட்ட ஆங்கில நூலில் ஆராய்ந்தார். சகோதரத்துவ மூலதனம் என்று பொருள்படும் தலைப்பு அது. அவரிடம் பேசிய முதலாளிகள் தம் உயர்வுக்குச் சொன்ன காரணம் ஒன்றே: உழைப்பு. காட்டைத் திருத்தி நாடாக்கிய கோளாத்தாவின் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் இப்படிச் சொல்வது இயல்பு. ஆனால் அதே கதையில் வேலியும் இருக்கிறது, செத்த பசுக்களும் இருக்கின்றன. பனியன் நகரத்தின் வரலாற்றை உழைத்து உயர்ந்தவர் கதையாக மட்டும் எழுதுபவர்கள் அந்தப் பகுதியையும் உடுக்கடிக்காரரிடம் கேட்க வேண்டும். தையல் டேபிளில் உட்கார்ந்தவர்களும், சாயப்பட்டறையில் நின்றவர்களும், நொய்யல் ஆறு கெட்டதில் நிலம் இழந்தவர்களும் இந்த வரலாற்றின் மற்றப் பாடங்கள்.

பெரிய அரங்குக்குக் கதை வந்தபோது தரப்புகள் சுருங்கின. மு. கருணாநிதி எழுதிய 'பொன்னர் சங்கர்' நாவலும், அவர் திரைக்கதையில் தியாகராஜன் இயக்கி 2011இல் வெளிவந்த படமும் தமிழ்நாடு முழுவதும் பெயரைக் கொண்டுசேர்த்தன. பிரசாந்த் இரட்டை வேடத்தில் நடித்தார். நாட்டுப்பாடங்களில் அண்ணன்மார் மணம் முடித்தும் மனைவியரைத் தொடாதவர்கள். திரையில் அவர்கள் காதல் நாயகர்கள் ஆனார்கள். தெய்வமாகக் கும்பிடுபவர்களுக்கு இது சிறு மாற்றம் அல்ல. பிறகு பெக் தன் பழைய ஒலிநாடாவை அடிப்படையாகக் கொண்டு 'பொன்னிவளக் கதை'யை 26 பாகக் கார்ட்டூன் தொடராகத் தமிழிலும் ஆங்கிலத்திலும் செய்தார். ஓலப்பாளையத்தின் பாடம் இப்படி உலகப் பாடமாகிவிட்டது. அந்த உழைப்புக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் உலகத்துக்குக் கிடைத்தது ஒரு பாடகர், ஒரு ஊர், ஒரு தரப்பு.

அதே அளவு பொறுமையோடு, அதே 18 இரவுகள் கொடுத்து, வேட்டுவர் ஊர்களிலும், கைவினைஞர் தெருக்களிலும், சாம்புவனைக் குலதெய்வமாகக் கும்பிடும் குடும்பங்களிலும் இன்று இந்தக் கதையைப் பதிவு செய்ய ஆள் வேண்டும். மேடையில் ஒரு மணி நேரத்துக்குச் சுருக்கிப் பாடச் சொன்னால் படுகளம் மட்டும்தான் கிடைக்கும். பசுவும் கிளியும் விட்டுப்போகும். திருப்பூரில் கோவில் கும்பாபிஷேகத்துக்கும் கல்லூரி விழாவுக்கும் தாராளமாகச் செலவு செய்யும் கம்பெனிகள் இருக்கின்றன. இரண்டு மூன்று கம்பெனிகள் சேர்ந்தால் ஒரு தை மாதத்தில், அறுப்பு முடிந்த கையோடு, ஒரு பாடகரையும் பின்பாட்டுக்காரரையும் கூலி குறையாமல் முழுக்கதைக்கும் உட்கார வைக்கலாம். முதல் இரவே வேட்டுவர் பக்கத்திலிருந்து தொடங்கச் சொல்லலாம்.