நெட்டித் தொப்பியும் மீனெண்ணெய்ப் புட்டியும்

கிள்ளான் பள்ளத்தாக்கின் ரப்பர்த் தோட்டங்களில், விடியுமுன் பிரட்டு எனும் ஆள்கணக்கெடுப்புக்கு வந்து நின்று, பின் பால்மர நிரைகளுக்குள்ளும் வெளிக்காட்டிலும் பொழுதைக் கழித்த நம் முன்னோர், தூரத்தில் வருபவர் துரைதான் என்று அறிந்துகொள்ள முகத்தைப் பார்க்க வேண்டியிருந்ததில்லை. குடை கவிழ்த்தாற்போன்ற தொப்பி ஒன்று அசைந்து வருவதே போதுமானதாயிருந்தது. நெட்டியினால் செய்த அத்தொப்பியைத் தொழிலாளிகள் அதிகாரத்தின் சின்னமாகக் கண்டார்கள். அணிந்தவரோ அதைப் பயத்தினால் அணிந்திருந்தார் என்பதே இச்சரித்திரத்தின் விநோதம்.

உஷ்ணத்தைக் காட்டிலும் ஒளியே வெள்ளையருக்குப் பெரிய விரோதி என்பது அக்காலத்து வைத்தியர் பலருடைய சித்தாந்தம். பிலிப்பைன்ஸில் பணிபுரிந்த அமெரிக்கப் படை வைத்தியர் சார்லஸ் வுட்ரஃப், 1905-இல் வெளியிட்ட நூலில், வெண்மேனிக்குப் போதிய நிறக்காப்பு இல்லாமையால் வெப்பநாட்டுச் சூரியகிரணங்கள் அதனுள் ஊடுருவி நரம்புகளைச் சிதைக்கின்றன என்று வாதித்தார். ஆகவே சிரசுக்கு நெட்டித் தொப்பியும் முதுகெலும்புக்குத் துணிப்பட்டையும் ஏற்பட்டன. கோலாலம்பூரின் வெக்கை தாளாதவர்கள் இளைப்பாற 1920-களில் பிரேசர் மலையில் பங்களாக்களும் எழுந்தன.

ஆனால், இவர்கள் இங்கே வெயிலுக்கு ஒளிந்துகொண்டிருந்த அதே காலத்தில், புகைமூடிய இவர்களுடைய தாயகத்து நகரங்களில் வெயில் காணாத குழந்தைகள் எலும்பு வளைந்து நொண்டிக்கொண்டிருந்தார்கள். ரிக்கெட்ஸ் எனப்படும் அந்நோய் சூரியன் நிறைந்த தேசங்களில் அரிது என்பதை, ஜப்பானில் பணியாற்றித் திரும்பிய தியோபால்டு பாம் என்ற வைத்தியர் 1890-இலேயே எடுத்துக்காட்டியிருந்தார். 1919-இல் பெர்லினில் ஹுல்ட்ஷின்ஸ்கி என்ற வைத்தியர் விளக்கொளியைக் கொண்டே அதைக் குணப்படுத்தினார். 1922-இல் மெக்காலம் என்ற அமெரிக்க விஞ்ஞானி மீனெண்ணெயில் அதற்குரிய சத்தைப் பிரித்தறிந்தார். அச்சத்தே வைட்டமின் டி எனப் பெயர்பெற்றது. சூரியனையும் புட்டியையும் ஒரே தராசில் நிறுக்கும் வழக்கு அன்று தொடங்கியது.

தொப்பியின் மகிமையைக் குலைத்ததில் வைத்திய சாஸ்திரத்தைவிட இரண்டாம் உலக யுத்தத்துக்கே பங்கு அதிகம். ஜப்பானியர் ஆட்சியில் சயாம் மரண ரயில்பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்ட வெள்ளைக் கைதிகளில் பலர் வெறுந்தலையுடனும் வெற்றுடம்புடனும் வெயிலில் உழைத்தார்கள். அவர்களையும், மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட ஆயிரக்கணக்கான தமிழரையும் அங்கே கொன்றது வெயிலன்று; பசியும் வாந்திபேதியும் மலேரியாவும் அடியுமே.

ஆயினும் வெயிலைப் பற்றிய அந்தப் பயம் முழுப் பொய்யன்று. வெண்மேனி விரைவில் கன்றிச் சிவக்கும். பல்லாண்டு வெயில் தோற்புற்றுக்கும் வழிசெய்யும். அதே மேனி தனக்கு வேண்டிய வைட்டமினைச் சில நிமிஷங்களில் உண்டாக்கிக்கொள்ளும். அதற்குமேல் நிற்பதனால் சத்துப் பெருகாது, சேதமே பெருகும். கருமேனிக்கோ அதிக நேரம் வேண்டும். கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடிகளிலும் குளிரூட்டிய அலுவலகங்களிலும் வாழும் தோட்டத்துப் பேரப்பிள்ளைகளுக்குப் பூமத்திய ரேகையிலிருந்து மூன்றே பாகை தள்ளியிருந்தும் இச்சத்துக் குறைவதில் ஆச்சரியமில்லை.

புட்டியும் குற்றமற்றதன்று. பிரிட்டனில் யுத்தத்துக்குப் பின் குழந்தை உணவுகளில் வைட்டமின் டி மிகையாகக் கலக்கப்பட, 1950-களில் சில சிசுக்களின் இரத்தத்தில் சுண்ணாம்புச்சத்து ஏறி நோய் கண்டது. பின்னர் அளவு குறைக்கப்பட்டது. வயதுவந்தோர் தினம் 4000 அலகைத் தாண்டலாகாது என்பது 2010-இல் அமெரிக்க நிபுணர் குழு வகுத்த வரம்பு.

நம் பாட்டிமார் எண்ணெய் தேய்த்துக் குழந்தையைக் கிடத்திய இளவெயில் இதமானது. எனினும் நிழல் நீண்டு கிடக்கும் அவ்வேளையில் வைட்டமின் சொற்பமே. நிழல் காலடியில் சுருங்கும் உச்சிப்பொழுதில் அது விரைவில் கிடைக்கும். வெண்மேனி அதேபோல் விரைவில் வெந்தும் போகும். ஆதலால் வெண்மேனியர் கைகால்களில் சில நிமிஷம் வெயில் பட நின்று, தோல் சிவக்குமுன் நிழலுக்குத் திரும்புவதே உசிதம். அதுவும் ஒவ்வாதவர் வைத்தியர் சொல்லும் அளவில் மாத்திரையை நாடலாம். துரையின் தொப்பி பிழையானது அதன் காரணத்தில். நிழலை நாடிய அளவில் அது பிழையன்று.