கூரை போடத் தெரிந்தவர்கள்

சுவர் எழுப்பியாகிவிட்டது. கூரைக்குத்தான் வழியில்லை.

வருஷம் 1941. இடம், கெய்ரோவுக்குப் பக்கத்தில் பஹ்தீம். அங்கே ஒரு விவசாயப் பண்ணையில் வீடு கட்டித்தரும் வேலை ஹசன் ஃபாத்தி என்கிற கட்டடக் கலைஞரிடம் வந்திருந்தது. 1900இல் பிறந்தவர். வசதியான வீட்டுப் பிள்ளை. ஆனால் மண்வீட்டுப் பைத்தியம். எகிப்தில் மண்ணுக்கா பஞ்சம்? நைல் நதி வருஷா வருஷம் கொண்டுவந்து கொட்டிய வண்டல் இருக்கிறது. வைக்கோலைச் சேர்த்து மிதித்து, அச்சில் வார்த்து, வெயிலில் காயவைத்தால் பச்சைச் செங்கல் தயார். சூளை வேண்டாம், விறகு வேண்டாம்.

சரி, கூரை? விட்டம் போட மரம் வேண்டும். எகிப்தில் வீடு கட்டத் தோதான மரம் அநேகமாகக் கிடையாது. எல்லாம் கப்பலில் வரவேண்டிய சமாசாரம். இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த நேரம். மரமும் வரவில்லை, இரும்பும் வரவில்லை.

மண்ணிலேயே வளைவாகக் கூரை கட்டினால் என்ன என்று யோசித்தார் ஃபாத்தி. கட்டலாம். ஆனால் வளைவு முடிகிறவரை தாங்கிப் பிடிக்கக் கீழே சென்ட்ரிங் அடிக்கவேண்டும். அதற்கும் மரம்தான்! மரம் இருந்தால் கூரையையே போட்டுவிட்டுப் போகலாமே? சென்ட்ரிங் இல்லாமல் கொத்தனார்களை விட்டுக் கட்டிப் பார்த்தார். பொத்தென்று விழுந்தது. திரும்பக் கட்டினார். திரும்ப விழுந்தது.

அண்ணன்தான் வழி சொன்னார். 'தெற்கே அஸ்வான் பக்கம் போய்ப் பார். அங்கே நூபியர்கள் சென்ட்ரிங்கே இல்லாமல் மண்கூரை போடுகிறார்கள்.'

போய்ப் பார்த்தார். கரப் அஸ்வான் என்கிற கிராமம். வீட்டுக்கு வீடு வளைவுக் கூரை, வெள்ளையடித்த சுவர், நெற்றியில் சித்திரம். அத்தனையும் அந்தந்த வீட்டுக்காரர்களும் ஊர்க் கொத்தனார்களும் சேர்ந்து கட்டியவை. கட்டடக்கலைப் பட்டம் வாங்கிய ஒருவர்கூட அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை.

ரகசியம் என்ன? ரொம்ப எளிமை. அறையின் பின்சுவரை மட்டும் உயரமாக எழுப்புகிறார்கள். அதன்மேல் மண்ணைப் பூசி, வளைவின் கோட்டைக் கண் அளவிலேயே வரைகிறார்கள். பிறகு முதல் வரிசைக் கல்லை அந்தச் சுவரின்மேல் சாய்த்து ஒட்டவைக்கிறார்கள். அடுத்த வரிசை அதன்மேல் சாய்கிறது. அதற்கடுத்தது இதன்மேல். சாய்ந்திருப்பதால் கல் கீழே வழுக்காது. கூரைக்கென்று தனிக் கல் வேறு. மெலிசானது, வைக்கோல் கூடுதல், அதனால் எடை குறைவு. ஈரமாக இருக்கும்போதே விரலால் கோடு இழுத்துவிடுவார்கள். சேற்றுக் கலவை கெட்டியாகக் கவ்விக்கொள்ளும். கருவி என்று பார்த்தால் கையில் ஒரு வாய்ச்சி. அவ்வளவுதான்.

ஒவ்வொரு வளைவும் தனக்கு முந்தையதன்மேல் சாய்ந்து நிற்கிறது. மரத்துக்கு அங்கே வேலையே இல்லை.

எத்தனை நாள் தாங்கும் என்று கேட்பீர்கள். லக்சருக்கு எதிர்க்கரையில் இரண்டாம் ராம்சேஸ் மன்னர் கட்டிய ராமேசியம் கோயில் இருக்கிறது. அதன் தானியக் கிடங்குகளின் கூரையும் இதே மாதிரி சாய்த்து அடுக்கிய பச்சைச் செங்கல்தான். 3,200 வருஷத்துக்குப் பிறகும் அவற்றில் சில நின்றுகொண்டிருக்கின்றன. இத்தனைக்கும் அவை சுடாத மண்!

ஃபாத்தி நூபியக் கொத்தனார்களைக் கையோடு வடக்கே அழைத்துக்கொண்டார். பஹ்தீமில் கூரை ஏறியது.

*

அந்த ராமேசியத்துக்குக் கூப்பிடு தூரத்தில்தான் கதையின் அடுத்த பகுதி. ஊர் பெயர் குர்னா. பழங்கால எகிப்தியப் பிரபுக்களின் கல்லறைகள் நிறைந்த குன்றுச் சரிவில், கல்லறைகளுக்கு மேலேயே வீடு கட்டிக்கொண்டு வாழ்ந்த ஜனங்கள். வீட்டுக்கு அடியில் தோண்டினால் புதையல். 1881இல் ராம்சேஸ் மன்னரின் மம்மி உள்பட ஏராளமான அரச மம்மிகள் கொண்ட ஒரு மறைவிடத்தை அதிகாரிகள் கண்டுபிடித்தார்களே, அதை அதற்குப் பத்து வருஷம் முன்பே கண்டுபிடித்துச் சத்தமில்லாமல் பொருள்களை விற்றுக்கொண்டிருந்தது ஒரு குர்னா குடும்பம்.

1940களில் பாறையில் செதுக்கிய சிற்பம் ஒன்றையே யாரோ பெயர்த்துக்கொண்டு போய்விட, தொல்பொருள் துறைக்குப் பொறுமை போய்விட்டது. சுமார் 7,000 பேரையும் கீழே சமவெளிக்கு மாற்றிவிடுவது என்று முடிவு. 50 ஏக்கர் வாங்கினார்கள். 1945இல் ஃபாத்தியைக் கூப்பிட்டு, 'புது ஊர் கட்டுங்கள்' என்றார்கள்.

ஃபாத்திக்குக் கனவு பலித்த மாதிரி. மசூதி, சந்தை, பள்ளிக்கூடம், நாடக அரங்கம்கூடக் கட்டினார். வீடுகளை அச்சில் வார்த்தாற்போல் கட்டக்கூடாது, ஒவ்வொரு குடும்பத்துக்கும் அதன் தேவைப்படி ஒன்று என்பது அவருடைய திட்டம். நூபியக் கொத்தனார்கள் வேலை கற்றுக்கொடுப்பார்கள், குர்னாக்காரர்கள் தங்கள் வீட்டைத் தாங்களே கட்டிக்கொள்வார்கள் என்று நம்பினார்.

நடந்தது வேறு. குர்னாக்காரர்கள் வேலைக்கு வந்தார்கள். கூலி வாங்கினார்கள். குடிவர மட்டும் மறுத்தார்கள். பிழைப்பு குன்றின்மேல் இருக்கிறது, கீழே வந்து என்ன செய்வது? அவர்கள் கண்ணுக்கு, குவிமாடம் என்றால் அது சமாதிக்கு உரியது. அதன் கீழே படுத்துத் தூங்குவார்களா?

கோபம் எதுவரை போனது தெரியுமா? புது ஊர் இருந்தது தாழ்வான நிலம். வெள்ளம் வராமல் சுற்றிலும் கரை கட்டியிருந்தது. அந்தக் கரையை வெட்டி ஊருக்குள் தண்ணீரை விட்டார்கள் என்று ஃபாத்தியே எழுதியிருக்கிறார். இன்னொரு பக்கம் அதிகாரிகளின் இழுத்தடிப்பு. 1948 வாக்கில் வேலை நின்றுபோனது. திட்டத்தில் ஒரு சிறு பகுதிதான் எழும்பியிருந்தது.

இந்தத் தோல்வியைப் பற்றி ஃபாத்தி எழுதிய புத்தகம் 'ஏழைகளுக்கான கட்டடக்கலை' என்ற பொருள்படும் தலைப்பில் 1973இல் அமெரிக்காவில் வெளியானது. உலகம் முழுக்க மண்வீடு கட்ட நினைத்தவர்களுக்கு அது வேதப்புத்தகம் ஆனது. விருதுகள் குவிந்தன. 1989இல் அவர் இறந்தபோது, புது குர்னாவின் மண் சுவர்கள் உப்பு ஏறி உதிர ஆரம்பித்திருந்தன. பலர் இடித்துவிட்டு கான்கிரீட்டுக்கு மாறிக்கொண்டார்கள். குன்றின்மேல் இருந்த பழைய ஊரை 2006 டிசம்பரில் புல்டோசர் வைத்து இடிக்க ஆரம்பித்தது அரசாங்கம்.

அப்படியானால் மண்வீடு தோற்றுவிட்டதா?

*

நூபியர்களிடமே திரும்பிப் போகலாம். 1902இல் அஸ்வானில் முதல் அணை. 1912இலும் 1933இலும் அதை உயர்த்தினார்கள். ஒவ்வொரு தடவையும் நூபியர்களின் கிராமங்கள் முழுகின. கிடைத்த நஷ்ட ஈடு சொற்பம். அவர்கள் என்ன செய்தார்கள்? இன்னும் மேடான இடத்துக்கு ஏறிப் போய், புதிதாக ஊரைக் கட்டிக்கொண்டார்கள். மண் இருக்கிறது, கூரை போடத் தெரியும். யாரிடம் போய் நிற்கவேண்டும்?

அடுத்து வந்தது அஸ்வான் உயர் அணை. அதன் ஏரி முழுகடிக்கப்போவது கொஞ்சநஞ்சப் பரப்பு இல்லை. ஏறிப் போக மேடு பாக்கியில்லை. அபு சிம்பல் கோயில்களைத் துண்டு துண்டாக அறுத்து மேலே தூக்கிவைக்க உலக நாடுகள் பணம் போட்டன. மனிதர்களை, சுமார் 50,000 எகிப்திய நூபியர்களை, 1963-64இல் வடக்கே கோம் ஓம்போ பக்கம் அனுப்பினார்கள். அங்கே அரசாங்க வீடுகள் தயார். ஒரே அச்சு, வரிசை வரிசையாக, கான்கிரீட் கூரை. உலகத்துக்கே மண்கூரை சொல்லிக்கொடுத்தவர்களுக்கு!

ஃபாத்தி முதலில் பார்த்த கரப் அஸ்வான் அணைக்கு வடக்கே, நீர் இறங்கிப் போகிற பக்கம் இருந்தது. அதனால் தப்பித்தது.

கோம் ஓம்போ போனவர்கள் சும்மா இருக்கவில்லை. சாவியை வாங்கினார்கள். உள்ளே போனார்கள். கொஞ்ச நாளில் மண்ணைக் குழைக்க ஆரம்பித்தார்கள். அரசாங்கச் சுவரின்மேல் மண்ணைப் பூசி, பழைய ஊரில் போட்ட சித்திரங்களைப் போட்டார்கள். வாசலை மாற்றினார்கள். வாசலுக்கு இரண்டு பக்கமும் மண்ணில் மேடை எழுப்பினார்கள். அதற்கு மஸ்தபா என்று பெயர்.

நம்மூரில் அதைத் திண்ணை என்போம். தானே கட்டிய திண்ணையில் உட்கார்ந்த பிறகுதான் அது அவர்கள் வீடு ஆனது.