அனுப்பும் திருச்சபை: சேலம், நாமக்கல் சமவெளியில் மறைபரப்புப் பணியின் வரலாறு

ஒரு திருச்சபை தன் உறுப்பினர் சிலரைத் தன் தீர்மானத்தாலும் தன் காணிக்கையாலும் வேற்றூருக்கு, வேற்று மொழியாரிடத்துக்கு நற்செய்தி சொல்ல அனுப்புவது மறைபரப்புப் பணி எனப்படும். சேலம், நாமக்கல் மாவட்டங்களின் சமவெளியில் இப்பணியின் வரலாறு எதிர்முனையிலிருந்து தொடங்குகிறது. ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் இது வேறெங்கோ இருந்த சபைகள் அனுப்பியவர்கள் வந்து இறங்கிய மண். யாரை அனுப்புவது, எவ்வளவு செலவிடுவது என்ற முடிவுகள் கடலுக்கு அப்பால் எடுக்கப்பட்டன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாங்களே சங்கம் கூட்டி, பணம் திரட்டி, ஆள் அனுப்பத் தொடங்கினார்கள். அந்த மாற்றத்தை நடத்தியவர்களுள் முதன்மையான ஒருவர் சேலத்தில் பிறந்தவர். அவர் பொறுப்பு வகித்த சங்கத்தின் களங்களுள் ஒன்று சேலத்தை அடுத்த ஓமலூர்.

இப்பணிக்கு மூல முன்மாதிரி விவிலியத்தின் அப்போஸ்தலர் நடபடிகள் நூலின் 13ஆம் அதிகாரத்தில் உள்ளது. சிரியாவின் அந்தியோகியா நகரச் சபையில் பர்னபா, நீகர் என்னப்பட்ட சிமியோன், சிரேனே ஊரானாகிய லூகி, மனாயீன், சவுல் ஆகிய ஐவர் போதகர்களாக இருந்தனர். அந்தச் சபை உபவாசித்து, ஜெபித்து, ஐவரில் இருவரான பர்னபாவையும் சவுலையும் கைவைத்து அனுப்பியது. அவர்கள் செலூக்கியாவில் கப்பலேறி சீப்புரு தீவுக்குப் போனார்கள். கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தியோகியா அப்போது பழமையான சபை அன்று. எருசலேமிலிருந்து சிதறி வந்தவர்களால் சில ஆண்டுகளுக்கு முன் உருவானது. பெற்றுக்கொண்ட சபை சிறிது காலத்திலேயே கொடுக்கும் சபையாயிற்று. அந்த அளவுகோலால் பார்த்தால் தமிழ்நாட்டுச் சபைகள் நெடுங்காலம் காத்திருந்தன. அதற்கு ஊக்கக் குறைவைக் காரணமாகச் சொல்வது நியாயமன்று. பணப்பையும் பொறுப்பும் அவர்கள் கையில் இல்லை.

தொடக்க வருகைகள்

இச்சமவெளிக்கு வந்த முதல் மறைபரப்பாளராக அறியப்படுபவர் இயேசு சபைத் துறவி ராபர்ட் தெ நொபிலி. 1606இல் மதுரைக்கு வந்து, காவி உடுத்தி, சைவ உணவு உண்டு, தமிழும் வடமொழியும் கற்றவர். 1623இல் மதுரையை விட்டு வடக்கே பயணப்பட்டார். கொல்லிமலை அடிவாரத்துச் சேந்தமங்கலத்தை அப்போது ஆண்ட இராமச்சந்திர நாயக்கர் அவரை வரவேற்றார். அங்கிருந்து சேலம் சென்றார். ஆட்சியுரிமையை இழந்து அங்கிருந்த திருமங்கல நாயக்கர் 1625இல் அவரிடம் திருமுழுக்குப் பெற்றார். அடுத்த காலத்தில் மோரமங்கலம் இயேசு சபையாரின் முக்கிய நிலையமாயிற்று. 1640 முதல் பண்டாரசாமிகள் என்ற பெயரில் எளிய மக்களிடையே பணியாற்றிய துறவிகளும் இக்காவிரிப் பகுதியில் நடமாடினார்கள். கத்தோலிக்கருக்குச் சேலம் தனி மறைமாவட்டமானது 1930 மே 26 அன்று.

சீர்திருத்தச் சபைகளின் வழி வேறு. 1706 ஜூலை 9 அன்று சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கினார். 1733 டிசம்பரில் ஆரோன் என்ற தமிழர் அங்கே குருவாக அபிஷேகம் பெற்றார். இந்தியச் சீர்திருத்தச் சபைகளில் அவரே முதல் இந்தியக் குரு. தஞ்சாவூரிலிருந்து பாளையங்கோட்டைக்குப் போன சத்தியநாதனின் கதை இன்னும் முக்கியமானது. தஞ்சை மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் 1778இல் பாளையங்கோட்டையில் திருமுழுக்குப் பெற்ற மராட்டியப் பிராமண விதவை கிளாரிந்தா, அங்கே ஒரு சிறு சபையைத் திரட்டினார். 1780இல் அச்சபையின் பதிவேட்டில் 40 பெயர்கள். 1785இல் அங்கே கோயில் எழுந்தது. அந்தச் சபையை நடத்தத் தஞ்சையிலிருந்து உபதேசியாராக அனுப்பப்பட்டவர்தான் சத்தியநாதன். 1790இல் குருப்பட்டமும் பெற்றார். ஒரு தமிழ்ச் சபை இன்னொரு தமிழ்ச் சபைக்குத் தன் மகனைக் கொடுத்தது. அந்தியோகியாவின் சாயல் இதில் இருக்கிறது. ஆனால் அனுப்பியவர் சுவார்ட்ஸ். தஞ்சைச் சபை அதைத் தன் தீர்மானமாக எடுக்கவில்லை.

லண்டன் மிஷன்

1795இல் தோன்றிய லண்டன் மிஷனரி சங்கம் 1827இல் ஹென்றி கிரிஸ்ப் என்பவரைச் சேலத்துக்கு அனுப்பியது. நான்கே ஆண்டுகளில், 1831இல், அவர் இறந்தார். அவருக்குப் பின் ஜார்ஜ் வால்டன் 1841 வரை பணியாற்றினார். அடுத்து வந்த ஜான் மைக்கேல் லெக்லர் ஜெர்மானியர். திருநெல்வேலியில் மிஷனரி ரேனியஸ் ஐயருடன் உழைத்தவர். சர்ச் மிஷனரி சங்கத்தோடு ரேனியஸுக்கு 1835இல் பிணக்கு வந்தபோது அவர் பக்கம் நின்றவர். ரேனியஸின் மறைவுக்குப் பின் லண்டன் மிஷனில் சேர்ந்து சேலம் வந்து, 1861இல் இறக்கும்வரை இங்கேயே இருந்தார். கைத்தொழில் கற்பிக்கும் பள்ளி ஒன்றை நடத்தினார். புதிதாகச் சேர்ந்த குடும்பங்கள் மிஷன் பங்களாவை நம்பியிராமல் சொந்தக் கையால் பிழைக்க வேண்டும் என்ற எண்ணம் அதில் இருந்தது. திருநெல்வேலிக்கும் சேலத்துக்கும் இடையே விழுந்த முதல் இழை என்று லெக்லரைச் சொல்லலாம்.

இந்த ஐரோப்பியர்களின் பெயர்கள் அறிக்கைகளில் நிலைத்தன. ஆனால் கிராமம் கிராமமாக நடந்தவர்கள் உபதேசியார்கள். சந்தைகளில் நின்று பேசியவர்களும், திண்ணைப் பள்ளி நடத்தியவர்களும், வெயிலில் ஏரிக்கரை ஏறி இறங்கியவர்களும் அவர்களே. மிஷனிலிருந்து மாதச் சம்பளம் வாங்கினார்கள். மிஷன் சொன்ன ஊருக்குப் போனார்கள். ‘அனுப்பப்பட்டவர்’ என்ற சொல் முழுதும் பொருந்துவது இவர்களுக்கே. ஆயினும் மிஷனரி என்ற பெயர் இவர்களுக்கு வழங்கப்படவில்லை. அவர்கள் ‘உதவியாளர்’ வரிசையிலேயே வைக்கப்பட்டார்கள். இந்த வரலாற்றின் மிகப் பெரிய அநீதி இதுதான்.

1876–78 தாது வருடப் பஞ்சம் இம்மாவட்டத்தை உலுக்கியது. 1871 கணக்கெடுப்பில் சுமார் 19.6 லட்சமாக இருந்த சேலம் மாவட்ட மக்கள்தொகை 1881இல் சுமார் 16 லட்சமாகச் சரிந்தது. அந்தப் பஞ்சம் தொடங்கிய 1876ஆம் ஆண்டின் மார்ச் 24 அன்று சேலத்துக் கிறிஸ்தவக் குடும்பம் ஒன்றில் கனகராயன் திருச்செல்வம் பால் பிறந்தார். கே. டி. பால் என்று நாடறிந்தவர் அவரே.

பெறுவதிலிருந்து கொடுப்பதற்கு

தமிழ்ச் சபைகள் சொந்தமாக அனுப்பத் தொடங்கியது ஒரே நாளில் நிகழ்ந்ததன்று. 1854இல் மிஷனரி ராக்லண்ட் ஐயர் வட திருநெல்வேலியில் கூடாரமடித்து ஊர் ஊராகச் செல்லும் பணியைத் தொடங்கினார். அப்போது தென்பகுதிச் சபைகள் தங்கள் உபதேசியார்களை மாத முறை வைத்து அனுப்பி, அவர்கள் செலவையும் ஏற்றன. அதே பத்தாண்டில் இலங்கையின் மலைத் தோட்டங்களில் வேலைக்குப் போன தமிழ்க் கூலிகளிடையே பணியாற்றவும் திருநெல்வேலி உபதேசியார்கள் கடல் தாண்டினார்கள். பின்னர் யாழ்ப்பாணத்து மாணவர்கள் 1900இல் தங்களுக்கென ஒரு மிஷனரி சங்கம் அமைத்து, நீரிணைக்கு இப்பால் இருந்த தொண்டிக்கு ஆள் அனுப்பினார்கள்.

1902இல் யாழ்ப்பாணம் சென்ற வேதநாயகம் சாமுவேல் அசரியா அதைக் கண்டார். வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த அவர் அப்போது ஒய்.எம்.சி.ஏ. செயலாளர். மாணவர்கள் சேர்ந்து செய்ததை, நூறாண்டு கடந்த திருநெல்வேலிச் சபை ஏன் செய்யவில்லை என்ற கேள்வி அவரை வாட்டியது. அதற்கு விடையாக 1903 பிப்ரவரி 12 அன்று பாளையங்கோட்டையில் திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. அடுத்த ஆண்டு சாமுவேல் பாக்கியநாதன் நிஜாம் சீமையின் தோர்ணக்கலுக்குப் போனார். பேச்சு தெலுங்கு, பழக்கம் வேறு, திருநெல்வேலியாருக்கு அது அயல்நாடேதான். செலவுக்குக் காசு கொடுத்தவர்கள் பனையேறிகளும் குடியானவர்களும் பள்ளி ஆசிரியர்களும். 1906இல் அங்கே முதல் திருமுழுக்குகள் நடந்தன. 1909இல் அசரியா தாமே மிஷனரியாகத் தோர்ணக்கல் சென்றார். 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில் பேராயராக அபிஷேகம் பெற்று, ஆங்கிலிக்கச் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார்.

திருநெல்வேலிச் சங்கம் ஒரு பகுதியினுடையது, ஒரு சபைப் பிரிவினுடையது. அதையும் தாண்ட வேண்டும் என்ற எண்ணத்துடன் 1905 டிசம்பர் 25 அன்று, வில்லியம் கேரி வாழ்ந்து மறைந்த செராம்பூரில், இந்தியாவின் பல பகுதிகளைச் சேர்ந்த கிறிஸ்தவர்கள் கூடி இந்திய தேசிய மிஷனரி சங்கத்தை அமைத்தார்கள். வெளிநாட்டவர் ஒருவர் தொடங்கிய பணிக்கு அடையாளமான ஊரில், கிறிஸ்துமஸ் நாளில், இந்தியர் இந்தியாவுக்காக எழுதிய முறி அது. அதன் கொள்கைகள் மூன்று: ஆட்கள் இந்தியர், பணம் இந்தியருடையது, நிர்வாகமும் இந்தியருடையது. வெளிநாட்டுக் காசு கேட்பதில்லை. புதுச் சபை ஒன்றை உண்டாக்குவதில்லை. களத்தில் சேர்பவர்கள் ஏற்கெனவே உள்ள திருச்சபைகளில் இணைய வேண்டும். வங்காளப் பிரிவினையை எதிர்த்துச் சுதேசி இயக்கம் கிளர்ந்த அதே ஆண்டு அது. காலத்தின் மூச்சு இந்தக் கொள்கைகளில் தெளிவாகத் தெரிகிறது.

இச்சங்கத்தின் முதல் பொதுச்செயலாளர் அசரியா. ஆனால் அதற்கு எலும்பும் சதையும் சேர்த்தவர் கே. டி. பால். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்து ஆசிரியராக இருந்தவர், அந்த வேலையை விட்டு முழுநேரம் சங்கத்துக்கு வந்தார். நாடெங்கும் ரயிலில் அலைந்தார். லூத்தரன், ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் என்று பிரிந்து கிடந்த சபைகளின் படிகளை ஏறிப் பணமும் ஆளும் கேட்டார். 1909 முதல் பொதுச்செயலாளர் பொறுப்பையும் ஏற்றார். சங்கத்தின் முதல் களம் பஞ்சாபின் மாண்ட்கோமரி மாவட்டம்; இன்று பாகிஸ்தானில் சாகிவால் என்று அழைக்கப்படுவது. தமிழ்ப் பகுதியில் அதன் களம் பாலின் சொந்த மாவட்டத்து ஓமலூர் வட்டம்.

ஓமலூர் சேலத்துக்கு வடமேற்கே, தர்மபுரி சாலையில், சரபங்கா ஆற்றங்கரையில் உள்ளது. கேழ்வரகும் நிலக்கடலையும் விளையும் மானாவாரி நிலம். ஊர்தோறும் தறிச் சத்தம். லண்டன் மிஷன் எண்பது ஆண்டுகளாகச் சேலம் நகரில் நிலைகொண்டிருந்தது. அதன் அருகிலேயே, வெள்ளையர் ஒருவரும் இல்லாத, வெளிநாட்டுக் காசு ஒன்றும் இல்லாத ஒரு பணி தொடங்கியது. தொலைதூர அற்புதங்களை விட இந்த அண்டை ஊர்ப் பணிக்கே வரலாற்றில் அதிக எடை உண்டு என்பது இக்கட்டுரையின் கணிப்பு. பஞ்சாபுக்கு ஆள் அனுப்பினால் கைதட்டல் கிடைக்கும். பக்கத்து வட்டத்துக்குத் தன் காசில் ஆள் அனுப்பும்போதுதான் ஒரு சபை அந்த மண்ணின் பொறுப்பைத் தன்னுடையது என்று ஏற்கிறது.

கிராமத்தின் கடன்சுமையைக் கண்கூடாகக் கண்ட பால், பின்னாளில் ஒய்.எம்.சி.ஏ. வழியாகக் கூட்டுறவுக் கடனுக்கும் கிராமப் புனரமைப்புக்கும் உழைத்தார். 1916இல் அதன் முதல் இந்திய தேசியப் பொதுச்செயலாளரானார். 1930இல் லண்டன் வட்டமேசை மாநாட்டில் இந்தியக் கிறிஸ்தவர் சார்பில் அமர்ந்தார். அடுத்த ஆண்டு ஏப்ரல் 11 அன்று, 55 வயதில் மறைந்தார்.

பிற்காலம்

அதே காலத்தில் நாமக்கல் பக்கம் பழைய முறையும் தொடர்ந்தது. 1861இல் இங்கிலாந்தில் தோன்றிய ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன் 1907இல் ஜெஸ்ஸி பிராண்டை அனுப்பியது. நொபிலி தங்கிய அதே சேந்தமங்கலத்தில், 290 ஆண்டுகளுக்குப் பின், 1913இல் ஜெஸ்ஸிக்கும் எவலின் என்ற பெண்ணுக்கும் திருமணம் நடந்தது. இருவரும் கொல்லிமலை ஏறினார்கள். 1929இல் காய்ச்சலில் ஜெஸ்ஸி இறந்தார். எவலின் தம் 95 வயதுவரை மலை மக்களிடையே உழைத்து 1974இல் மறைந்தார். 1914இல் கொல்லிமலையில் பிறந்த அவர்கள் மகன் பால் பிராண்ட், வேலூரில் தொழுநோயாளரின் முடங்கிய கைகளுக்கு அறுவை மருத்துவம் செய்து உலகப் புகழ் பெற்றார்.

1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது லண்டன் மிஷனின் சேலம் சபைகள் அதில் இணைந்தன. 1965இல் சேலத்திலிருந்து தர்மபுரி தனி மாவட்டமாகப் பிரிந்தது. 1959இல் தென் தமிழ்நாட்டு இளைஞர்கள் தொடங்கிய நண்பர் மிஷனரி ஜெபக்குழு, அப்பிரிவுக்கு இரண்டாண்டு கழித்துத் தன் முதல் மிஷனரியை அனுப்பிய இடம் தர்மபுரி மாவட்டத்தின் பெரியமலை.